பிறர் கட்சி பேசும் பயிற்சி

கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் சமய நல்லிணக்க விழாவை அறியாதவர் இரார். மேடையில் ஐந்து முகக் குத்துவிளக்கு; அதை ஏற்றுவதற்கு மடத்தைச் சார்ந்த பெரியவர் ஒருவர், பாதிரியார் ஒருவர், பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவர், கல்லூரியின் முதல்வர், நகரப் பிரமுகர் ஒருவர் ஆக ஐவர். எல்லா நதிகளும் ஒரே சமுத்திரத்தில் சங்கமமாகின்றன என்று முதலில் பேசுபவர் சொல்வார். இரண்டாமவர் அதையே ஆமோதிப்பார். மூன்றாமவர் நதிகளைக் கடலில் சேர்க்கும்பொழுது பின்வரிசை மாணவர்கள் கைப்பேசியைத் திறந்துவிட்டிருப்பார்கள். நன்றியுரைக்குப் பின் தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்படும். இவ்விழாக்களை நான் பழிக்கவில்லை. உத்தியோகத்தின் நிமித்தம் நானே பலவற்றை முன்னின்று நடத்தியிருக்கிறேன். மேடையிலிருந்த பெரியோர் ஒருவர்பால் ஒருவர் மெய்யான மரியாதை கொண்டவர்கள் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவர்களுள் ஒருவர்கூட மற்றொருவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதை நான் கண்டதில்லை. நதிகளெல்லாம் ஏற்கெனவே கடலில் கலந்துவிட்டனவென்றால் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

தத்துவ ஆசிரியனாகவும், அதனோடு ஒட்டிவந்த விடுதிக் காப்பாளனாகவும் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியை முண்டியம்பாக்கத்தில் குடியிருந்துகொண்டே கழித்தேன். முண்டியம்பாக்கம் என்றவுடன் இன்று பலருக்கு நினைவு வருவது 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும். என் தலைமுறைக்கோ சர்க்கரை ஆலையும், அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றி வரிசையில் நிற்கும் வண்டிகளுந்தாம். ஆனால் சமயங்களின் சம்பாஷணையைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இதைவிட வாய்ப்பான இடம் தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைத்திராது என்பது என் அபிப்பிராயம். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் ஆலயம் அமைத்ததாக மகேந்திரவர்மன் கல்லில் பொறித்துவைத்த மண்டகப்பட்டுக் குகை இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. செஞ்சிக்கு அருகே ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய திருநாதர் குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. தமிழ்ச் சமணரின் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையில் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. 1714இல் அந்தக் கோட்டைக்காகப் போரிட்டு மடிந்த தேசிங்கு ராஜனோடு அவன் உயிர்த்தோழன் மகமத்கானையும் சேர்த்தே பாடாமல் எந்தக் கதைப்பாடல்காரனும் ஓய்ந்ததில்லை. தெற்கே சென்றால் மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூர். இன்னும் கொஞ்சம் அப்பால் அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியாரின் திருத்துறையூர்.

இந்த ஊர்களிலிருந்தும் இவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்தும் வந்த பிள்ளைகளே எங்கள் மாணவர்கள். எதிர்வீட்டுக்காரர் எதை நம்புகிறார் என்று அவர்களைக் கேட்டால், அவர் வீட்டிலிருந்து எந்தப் பண்டிகைக்கு எந்தப் பலகாரம் வரும் என்பதை மட்டும் பிழையின்றிச் சொல்வார்கள். பலகாரம் பரிமாறிக்கொள்வது அற்பமான காரியமன்று. பல நூற்றாண்டுகளாக இந்த ஜில்லாவில் அமைதியைக் காத்துவந்தது அதுதான் என்று சொன்னாலும் தகும். ஆனால் ஒரு வதந்தி கிளம்பும் நாளில், பலகாரத்தை மட்டும் அறிந்தவன் தன் அயலான் சார்பாக எதைச் சொல்லி நிற்பான்? அவனுடைய நம்பிக்கை இன்னதென்று தெரிந்தவனல்லவா ‘அவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்’ என்று துணிந்து கூறமுடியும்?

விக்கிரவாண்டிப் பக்கத்து எண்ணாயிரத்துக்கு நான் மாணவர்களை அழைத்துச் செல்வதுண்டு. அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் ஒரு வித்யாசாலை நடைபெற்றதைக் கல்வெட்டு விஸ்தாரமாகக் கூறுகிறது: மாணாக்கர் 340 பேர், கற்பித்தோர் 14 பேர். இளையோர் 270 பேரில் இருக்கு வேதத்துக்கு 75, யஜுருக்கு 75, இலக்கண நூலான ரூபாவதாரத்துக்கு 40 என்று கணக்கு இருக்கிறது. மேல்வகுப்பினர் 70 பேரில் பிரபாகர மீமாம்ஸை பயின்றோர் 35, வேதாந்தம் பயின்றோர் 10. இன்னாருக்கு இவ்வளவு நெல் என்ற விவரமும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பல்கலைக்கழக வளாகம் நம் பேருந்து வழியில் இருப்பதைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். நான் அவர்களுடைய முகத்தை அதே ஊர்க் குன்றின் பக்கம் திருப்புவேன். அங்கே சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. வித்யாசாலையில் பயின்ற 340 பேரில் ஒருவனாவது அந்தக் குன்றின்மேல் ஏறி, இங்கே படுத்திருந்தவர்கள் எதைத் தேடினார்கள் என்று கேட்டிருப்பானா என்பது நான் அவர்களிடம் வைக்கும் கேள்வி. வேதமோ வியாகரணமோ பயின்றவனைவிட மீமாம்ஸை பயின்றவன் கேட்டிருக்கக்கூடும் என்பது என் ஊகம். ஏனெனில் அந்த சாஸ்திரத்தில் எதிர்க்கட்சியாகிய பூர்வபட்சத்தைச் சொல்லாமல் தன் முடிபாகிய சித்தாந்தத்தைச் சொல்ல வழியே கிடையாது.

இந்தப் பூர்வபட்ச முறையே நாங்கள் நூலகத்தின் பின்கூடத்தில் நடத்திவந்த சமய உரையாடல் வட்டத்தின் ஒரே விதியாயிற்று. பேச விரும்புகிறவர் தம்முடைய சமயத்தைப் பற்றிப் பேசக்கூடாது. எதிரே அமர்ந்திருப்பவருடைய சமயத்தை, அவரே ‘ஆம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று தலையசைக்கும்படி எடுத்துரைக்கவேண்டும். அவர் தலையசைத்த பிறகுதான் தம் ஆட்சேபத்தைக் கூறலாம். அவர் அசைக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இவ்வளவே விதி. இதை மேனாட்டுப் புத்தகம் எதிலிருந்தும் நான் எடுக்கவில்லை. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் பதின்மரிடம் அவரவர் திறத்தை அவரவர் வாயாலேயே கேட்ட பின்னரே தன் வழியைத் தேர்ந்தாள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி ஈறாக ஒவ்வொருவர் கட்சியையும் தாமே எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். நீலகேசியின் கதை இன்னும் விசேஷமானது: குண்டலகேசி என்னும் பௌத்த காவியத்தை மறுப்பதற்கென்றே ஒரு சமணர் நீலகேசியை இயற்றினார், காலப்போக்கில் குண்டலகேசி மறைந்தொழிந்தது, இன்று அதன் வாதங்களை நாம் அறிவது பெரும்பாலும் மறுத்தவருடைய நூலாலும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் வகுத்த உரையாலுந்தான். அந்நூலை 1936இல் பதிப்பித்து வெளியிட்டவர் தத்துவப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். சொந்தக் கட்சியார் காப்பாற்றத் தவறியதை எதிர்க்கட்சி காப்பாற்றிக் கொடுத்தது.

விதி எளிது, நடத்துவது எளிதன்று. ஒரு மாலையை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கத்துச் சைவக் குடும்பத்துப் பையன் ஒருவன். திருவதிகை உற்சவத்தை ஓர் ஆண்டும் தவறவிடாதவன். திண்டிவனத்தை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து வந்த நயினார் வீட்டுச் சமணப் பெண் ஒருத்தி. பேசவேண்டிய பொருள், திருநாவுக்கரசர் சரித்திரம். சமணப் பள்ளியில் தருமசேனராக விளங்கியவர், சூலை நோய் தாளாமல் தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பி, அதிகை வீரட்டானத்தில் நோய் நீங்கிய வரலாற்றை அந்தப் பெண் சைவர் பக்கம் நின்று சொல்லவேண்டும். அதே வரலாற்றைச் சமணர் எப்படிக் காண்பார்கள் என்று பையன் சொல்லவேண்டும்.

அவள் எழுந்து நின்று வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, சுண்ணாம்புக் காளவாய்ல போட்டாங்க, யானைய விட்டு மிதிக்கச் சொன்னாங்கன்னு இவங்க புராணத்துல இருக்கு. எறும்பக்கூட மிதிக்கக்கூடாதுன்னு சொல்லி வளர்த்த வீடு எங்களது. அத நான் எப்படி என் வாயால சொல்றது?” என்றாள்.

“நீ நம்ப வேணாம்மா. அவங்க எப்படி நம்பறாங்கன்னு மட்டும் சொல்லு.”

அவள் நீற்றறையையும் யானையையும் விட்டுவிட்டுத் தமக்கையிடமிருந்து தொடங்கினாள். தாயும் தந்தையும் இறந்து, மணம் பேசிய வீரனும் போரில் மாண்டபின், தம்பிக்காகவே உயிர் தரித்திருந்தவர் திலகவதியார். அந்தத் தம்பி மாற்றுச் சமயம் புகுந்தபோது அவர் அவனைச் சபிக்கவில்லை, ஈசனிடம் முறையிட்டார். ஆகையால் சூலை நோயைத் தண்டனை என்று சைவர் எண்ணுவதில்லை, கூப்பிட்ட குரலாகவே கொள்கிறார்கள் என்று அவள் கூறி முடித்தபோது பையன் தலையசைத்தான். பின்பு அவன் முறை. நோய் என்பது முன்வினையின் பயன். அதை வேண்டுதலால் விலக்கிக்கொள்ள முயல்வது புது வினையைத் தேடுவதாகும். பொறுத்துத் தீர்ப்பதே வீரம். ஆதலால் தருமசேனர் தோற்ற இடம் வலி தாங்கமாட்டாத அந்த ஓர் இரவுதான் என்று சமணர் கருதக்கூடும் என்றான். தயார் செய்துகொண்டு வந்திருக்கிறான் என்பது தெரிந்தது. அவள் உடனே தலையசைக்கவில்லை. “தோற்றார்னு நாங்க சொல்ல மாட்டோம். தாங்க முடியாதவங்களக் குறை சொல்றதும் ஹிம்சைதான்” என்று திருத்தினாள். அவன் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு மறுபடி சொன்னான்.

ஆட்சேபம் கூறும் பகுதிதான் சூடானது. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் மன்னன் கோயில் எடுத்தான் என்று பெரியபுராணமே பெருமையாகச் சொல்கிறதே, அதைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது ஒருநாள் வருந்தியதுண்டா என்று அவள் கேட்டாள். பையனிடம் பதில் இல்லை. அவனுக்காக நான் பதில் சொல்லவுமில்லை. வட்டத்தை நடத்துகிறவன் அத்தருணத்தில் வாயைத் திறந்து, அது அக்காலத்து அரசியல் என்றோ, எல்லாரும் மனிதர்தாமே என்றோ சமாதானம் சொன்னானாகில், அன்றைய மாலை முழுதும் வீண். மறுவாரம் அவன் வந்தான், பதிலோடு வரவில்லை, ‘நீ சமணனாகிவிட்டாயா’ என்று அறைத் தோழர்கள் பரிகசித்ததாகச் சொன்னான். அவள் வீட்டிலோ, இந்தப் பேச்செல்லாம் உனக்கு எதற்கு என்று தகப்பனார் கேட்டாராம். இருவரும் அப்புறமும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஏற்பாடுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெள்ளி நண்பகலும் ஞாயிறு காலையும் ஆகா. மேல்மலையனூர் அமாவாசை இரவில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். தவக்காலத்தில் தேநீருக்கு முட்டை பஃப்ஸ் வாங்கலாகாது. கடினமாயிருந்தது ஒன்றுதான். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் கதிரவன் மறைந்த பிறகே உண்பர். நியமம் காக்கும் நயினார் வீட்டுப் பிள்ளைகள் கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கவேண்டும். ஒரே அஸ்தமனம் ஒருவருக்கு அடுக்களைக் கதவைத் திறக்கிறது, மற்றொருவருக்கு அடைக்கிறது. எங்கள் விடுதி மெஸ்ஸின் சமையல் மாஸ்டர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர், நாட்காட்டித் தாளைக் கிழித்துச் சூரிய அஸ்தமன நேரத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, ஐந்தரைக்கு ஒரு பந்தி, நோன்புக் கஞ்சிக்கு ஒரு பந்தி, மற்றவர்களுக்கு எட்டு மணிப் பந்தி என்று வகுத்துவிட்டார். விடியுமுன் ஸஹருக்கு எழுப்பிவிடும் பொறுப்பைப் பரீட்சைக்கு விழித்திருக்கும் பையன்கள் ஏற்றுக்கொண்டார்கள். எந்தக் கமிட்டியும் இதற்காகக் கூடவில்லை.

கல்லூரி வளாகத்தில் இப்படிப்பட்ட வாதம் நடப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற இராதாகிருஷ்ணன், இந்து சமயத்தின்மீது மிஷனரிகள் கூறிய கண்டனங்கள் தம் மனத்தைப் புண்படுத்தியதாலேயே தம் சமயத்தை ஆழ்ந்து ஆராயப் புகுந்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஆராய்ச்சியின் முதற்பலனாக 1908இல் அவர் எழுதிய வேதாந்த அறநெறி பற்றிய கட்டுரையைப் பாராட்டியவர், அதே கல்லூரியின் தத்துவப் பேராசிரியரும் மிஷனரியுமான ஏ. ஜி. ஹாக். மாணவன் தம் கட்சியை மறுத்தெழுதியதை ஆசிரியர் மெச்சினார். ஆசிரியரும் கர்மக் கொள்கையைப் புறக்கணித்துவிடாமல், அதன் தர்க்கத்தை உள்ளிருந்து புரிந்துகொண்டே தம் சமயத்தின் மறுமொழியை 1909இல் நூலாக வெளியிட்டார். 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரத்தில் அந்தக் கல்லூரியின் புதிய வளாகத்திலேயே கூடியபோது, பிற சமயங்களுக்கும் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் இடையே பாலமே இல்லையென்று வாதித்த ஹாலந்து தேசத்துக் கிரேமரை எதிர்த்து நின்றவர்களுள் ஹாக் முக்கியமானவர். பிற சமயத்தாரின் நம்பிக்கையில் மெய்யான தெய்வத் தொடர்பு உண்டென்று அவரால் சொல்லமுடிந்ததற்கு, பல்லாண்டு இந்து மாணவர்களோடு தர்க்கித்துப் பழகியது காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஹாக்கைவிட எனக்கு நெருங்கியவர் உ. வே. சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த அவரிடம் 1880இல் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் படித்ததில்லை. கையில் எடுத்துப் பார்த்தபோது, நச்சினார்க்கினியர் உரையிருந்தும் ஜைன சமயக் கருத்துக்கள் விளங்கவில்லை. அவர் என்ன செய்தார்? ஆசாரமான சைவ அந்தணராகிய அவர், குடந்தையில் இருந்த ஜைனர்களைத் தேடிச்சென்று, மாணவனைப்போல் அமர்ந்து கேட்டார். அங்கே அவருக்கு ஐயம் தீர்த்து உதவிய ஜைனர்களுள் ஒருவர் வீடூர் அப்பாசாமி நயினார். அந்த வீடூர் எங்கள் முண்டியம்பாக்கத்திலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஜைனர்கள் பாராயணம் செய்துவந்த நூலை ஜைனரல்லாத ஒருவர் ஜைனர்களிடமே பாடம் கேட்டுத் தமிழுலகத்துக்கு அளித்தார் என்பதைச் சொல்லும்போதெல்லாம், எங்கள் வட்டத்தில் நயினார் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி, சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும். சமய நல்லிணக்கம் பேசுவது இந்த ஜில்லாவில் சுலபம். ஏனென்றால் இங்கே இரத்தம் சிந்தவைத்தது பெரும்பாலும் சமயமன்று. 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்டபோது குன்றக்குடி அடிகளார் அங்கே சென்று சமாதானத்துக்காக உழைத்தார். அது வேறு நிலம், வேறு நோய். விழுப்புரத்தில் 1978 ஜூலையில் 12 தலித் மக்கள் கொல்லப்பட்டனர். அது ஜாதிக் கலவரம். எங்கள் வட்டத்தில் கிறிஸ்தவக் குடியிருப்பிலிருந்து வந்த மாணவன் ஒருவன் ஒருநாள் எழுந்து, “எல்லாரும் எங்க மதத்தப் பத்தி நல்லாவே சொல்றீங்க. சகோதரத்துவம்னு சொன்னீங்க. எங்க ஊர் கல்லறையில எங்க தாத்தாவுக்கு ஒரு மூலை, மத்தவங்களுக்கு ஒரு மூலை. இத யாரு கட்சியாச் சொல்லப் போறீங்க?” என்றான். அவன் கேட்டது கிறிஸ்தவர்களை மட்டும் பார்த்தல்ல. அன்று சைவரும் வைணவரும் முஸ்லிமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் ஐந்து முகம் ஏற்றிய பெரியோர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பியபின் எந்தத் தெருவின் வழியாக நடக்கிறார்கள் என்ற கேள்வியை நல்லிணக்க விழா ஒருநாளும் கேட்பதில்லை. கேட்காதிருப்பதனாலேயே அது அத்தனை இனிமையாக நடந்தேறுகிறது. அதன்பிறகு விதியில் ஒரு சேர்க்கை செய்தோம்: எந்தச் சமயத்தைப் பற்றிப் பேசினாலும், அச்சமயத்தில் கடைசியில் நிறுத்தப்பட்டவர் அதை எப்படிச் சொல்வார் என்பதையும் சொல்லியாகவேண்டும். இந்தச் சேர்க்கைக்குப் பின் வருகை குறைந்தது. சிலர் வெளிப்படையாகவே, சமயம் பேச வந்தோம், இதைப் பேச வரவில்லை என்றார்கள். தங்கியவர்களோடு நடத்தினோம்.

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலரும் பின்னாட்களில் வந்து சேர்ந்தார்கள். சாவைத் தினமும் கண்டவர்களாகையால் அவர்களுடைய கேள்விகள் புத்தகத்திலிருந்து வரவில்லை. கடைசி மூச்சு விடும் நோயாளியின் காதில் கலிமா சொல்ல உறவினர் இல்லாதபோது பணியிலிருக்கும் இந்து மாணவி சொல்லலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு, கூடியிருந்த முஸ்லிம் மாணவர்களே தங்களுக்குள் உடன்படாமல் இரண்டு வாரம் வாதித்தார்கள்.

முடிவாக, கறுப்புச் சட்டைக்காரனைப் பற்றி. பெரியார் கொள்கையில் ஊறிய வீட்டுப் பையன் ஒருவன் வட்டத்தில் தனக்கும் இடம் வேண்டுமென்று வந்தான். சமயமே இல்லாதவனுக்குச் சமய வட்டத்தில் என்ன வேலை என்று பலர் ஆட்சேபித்தார்கள். துறைத் தலைவர்களுள் ஒருவரும் அதே கருத்தினர். மணிமேகலை கேட்ட பதின்மருள் பூதவாதியும் ஒருவன் அல்லவா என்று நான் எடுத்துக்காட்டினேன்; பரபக்கத்தில் முதல் ஆசனமே உலகாயதனுக்குத்தான். பையன் உள்ளே வந்தான். வந்ததும் ஒரு சங்கடம்: பிறர் கட்சியைச் சொல்வதில் அவனுக்கு நிகர் அவன்தான். தாயுமானவரின் நிலையைத் தாயுமானவர் அடியார்களைவிடத் தெளிவாகச் சொன்னான். கண்டிப்பதற்காகவே எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தான். ஆனால் தன் கட்சியை மற்றவர் சொல்லும்போது அவன் தலை அசையவே இல்லை. அம்மன் கோயில் பூசாரி மகள் ஒருத்தி, பெரியார் கடவுளை மறுத்தது அறிவினால் என்று தொடங்கினாள், இல்லை என்றான். பிராமணர்மேல் கொண்ட கோபத்தால் என்றாள், அதுவுமில்லை என்றான். கடைசியில் அவள் சற்று யோசித்து, “கும்பிடப் போன மனுஷன வாசல்ல நிறுத்துன சாமி எனக்கு வேணாம்னு சொன்னார்” என்றாள். “இப்பதான் கிட்ட வந்திருக்கீங்க அக்கா” என்று சொல்லிவிட்டு, அவள் ஆட்சேபத்தைக் கேட்பதற்காக அவன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான்.